நடு லயத்தின் வெளியுறவு

இருளப்பனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு கோட்டைப் பார்த்துத்தான். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் கழற்றி விட்டுப் போனதை, அவர் பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கிரிசாமி பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். பக்கிரிசாமி வேறு யாருமில்லை, இருளப்பனின் சகலை. இருளப்பன் மனைவி ருக்குமணியின் தங்கையைக் கட்டியவன். பக்கத்து வீடும்கூட. இடையில் ஒரு பலகைச் சுவர்தான். சகலை வீட்டில் கருவாடு வறுத்தால் இவனுக்குத் தும்மல் வரும். சகலை வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் இவனுக்குச் சோறு இறங்காது. இப்படி இருபது வருஷமாக அடக்க ஒடுக்கமாகப் பொறாமைப்பட்டு வந்த மனிதனை அரசியல் வந்து கெடுத்துவிட்டது.

ரிங்லெட் ஊரைத் தாண்டி மேலே ஏறினால் வரும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பெரிய டிவிஷன்கள். மேல் டிவிஷனில் நூற்றிருபது வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடம். கீழ் டிவிஷனில் நூற்றுப்பத்து வீடு, ஒரு முனீஸ்வரன் கோயில், ஒரு பந்துத் திடல். இரண்டுக்கும் இடையே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது, இருளப்பனும் சகலையும் குடியிருக்கும் நடு லயம் என்ற வீட்டு வரிசை. இருபத்து மூன்று வீடு, ஒரு தண்ணீர்க் குழாய். கோயில் கிடையாது, திடல் கிடையாது. ஆனால் கமிட்டி உண்டு. கமிட்டி இல்லாமல் தமிழன் எங்கே குடியிருந்திருக்கிறான்?

தலைவர் சிவசாமி, தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர். காய்ச்சல், கழிச்சல், கால்வீக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, பிழைத்தவர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்பவர். எழுபத்தொன்றாம் வருஷம் மேல் டிவிஷன் திருவிழாவில் அவருக்கு மூன்றாவதாக மாலை போட்டார்கள். முதல் மாலை தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணிக்கு. இரண்டாவது சிங்காரம் என்ற லோரி டிரைவருக்கு. அதே நாளில் நடந்த கீழ் டிவிஷன் திருவிழாவுக்கு அவர் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் மாலையே தீர்ந்துபோய்த் துண்டு போட்டார்கள். அந்தத் துண்டில் ஈரம் வேறு.

அதே வருஷக் கடைசியில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி வந்தது. கோலாலம்பூரில் ஐந்து நாட்டு மந்திரிகள் கூடி, இந்த வட்டாரம் எந்த வல்லரசின் பக்கமும் சாயாது என்று அறிவித்தார்களாம். சிவசாமி ரேடியோவை நிறுத்திவிட்டு, குழாயடியில் கூட்டம் போட்டார்.

"இங்க பாருங்கலா! பெரிய பெரிய நாடே யாரு பக்கமும் சாய மாட்டேன்னு சொல்லிருச்சு. நாம மட்டும் எதுக்குச் சாயணும்? மேல் டிவிஷன்காரன் கூப்ட்டா ஏறி ஓடுறோம், கீழ் டிவிஷன்காரன் கூப்ட்டா எறங்கி ஓடுறோம். மாலைக்கு அலையிற கூட்டமா நாம? நா மாலையப் பத்திப் பேச வரல. மூணாவதாப் போட்டாலும் வாங்கிக்குவேன், வாங்கிக்கிட்டேன். ஒரு லோரி டிரைவருக்கு அப்புறம் வாங்கிக்கிட்டேன். அது என் கழுத்து. ஆனா மானம் லயத்து மானம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். மழை வருவதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கே இரண்டு துறைகள் உண்டாயின. வெளியுறவுச் செயலாளர் வேலைக்கு லயத்தில் யாரிடம் தகுதி இருக்கிறது என்று சிவசாமி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். குளிருக்காகப் பக்கிரிசாமி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். விஷயம் முடிந்தது. அன்று முதல் அது அரசாங்கக் கோட்டு என்றும் தீர்மானமாயிற்று.

பாதுகாப்புத் துறை இருளப்பனுக்கு. ஒரு விசில், ஒரு டார்ச் லைட், ஒற்றையடிப் பாதையின் குறுக்கே தூக்கி இறக்க ஒரு மூங்கில்.

"இது ஜாகா வேலை தானே, தலைவரே?" என்று கேட்டான் இருளப்பன்.

"ஜாகாக்காரன் அடுத்தவன் சொத்தக் காப்பான். நீ எறையாண்மையக் காக்குற" என்றார் சிவசாமி.

இறையாண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க இருளப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அன்று முதல் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் அத்தனை பேருக்கும் ஐந்தரை மணிக்கு மூங்கிலைத் தூக்கிப் பிடித்து, கடைசி ஆள் போனதும் கட்டிவிட்டு ஓடுவான். ஓடிச் சேர்வதற்குள் மேல் டிவிஷன் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்திருப்பார். "என்னா இருளப்பா, நாட்டப் பூட்டிட்டு வர்றியா?" என்று கங்காணி கேட்கும்போது கூட்டமே சிரிக்கும். அதில் சகலையின் சிரிப்பு தனியாகக் கேட்கும்.

ஒரு நாள் மூங்கிலுக்கு எதிரே புதுத் துரையின் லாண்ட்ரோவர் வந்து நின்றது. பாதை மோட்டார் போகிற பாதை இல்லை. ஆனால் துரைக்கு அதை யாரும் சொல்லவில்லை. இருளப்பன் விசில் ஊதினான். துரை எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டார். எங்கிருந்தோ சிவசாமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, தானே மூங்கிலைத் தூக்கி, தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். வண்டி போன பிறகு அவர் கொடுத்த விளக்கம் இது:

"துரை வெளிநாடு இல்ல, இருளப்பா. வீடு அவரோடது, குழாய் அவரோடது, நாம நிக்கிற மண்ணு அவரோடது. அதெல்லாம் உள்விவகாரம். நம்ம சுதந்திரம் மத்தவங்ககிட்டதான்."

இதையெல்லாம்கூட இருளப்பன் பொறுத்துக்கொண்டான். அவனால் பொறுக்க முடியாதது வெளியுறவுத் துறை சாப்பிட்ட சாப்பாடு. கல்யாணமா, காதுகுத்தா, சடங்கா, இரண்டு டிவிஷனிலிருந்தும் அழைப்பு பக்கிரிசாமிக்குத்தான் வரும். கோட்டைப் போட்டுக்கொண்டு போவான். சம தூரக் கொள்கைப்படி மேலே ஒரு சாப்பாடு சாப்பிட்டால் கீழே ஒரு சாப்பாடு சாப்பிட்டாக வேண்டும். பாயசம் உதட்டோரம் காயாமல் திரும்பி வருவான். "முடியல சகலை, நாட்டுக்காகச் சாப்பிட வேண்டியிருக்கு" என்று ஏப்பம் விட்டபடி மூங்கிலுக்குக் குனிவான். மூங்கிலை அவன் மண்டையில் போட்டால் என்ன என்று இருளப்பனுக்குக் கை துறுதுறுக்கும். வீட்டுக்குப் போய் ருக்குமணியிடம் வள்ளென்று விழுவான். அவள் வைத்த ரசத்தில் அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் காளியண்ணன் இறந்தார். வயதான மனிதர். கேதம் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும். மேல் டிவிஷனுக்கு முதலில் சொன்னால் கீழ் டிவிஷனுக்குக் குறை, கீழே முதலில் சொன்னால் மேலே குறை. அதனால் இரண்டு ஆட்கள், இரண்டு கைக்கடிகாரங்கள். சரியாகப் பத்து மணிக்கு இரண்டு டிவிஷனிலும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. கீழே போனவன் சேற்றில் வழுக்கி ஓடையில் விழுந்தான். மேல் டிவிஷனுக்குப் பத்து மணிக்கும் கீழ் டிவிஷனுக்குப் பத்தே காலுக்கும் காளியண்ணன் இறந்தார். கால் மணி நேரச் சாய்வுக்கு விளக்கம் எழுதி, சாப் முத்திரை அடித்து, கீழே அனுப்பி, பதில் வரும் வரை பாடையைத் தூக்கக் கூடாது என்றார் சிவசாமி.

காளியண்ணன் பெண்சாதி வேலாயி, அழுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். "ஏஞ்சாமி, அந்த மனுசன் உசுரோட இருக்கறப்ப ஒரு நா ஏன்னு எட்டிப் பாத்தீங்களா? செத்த பெறகு கடியாரம் பாக்குறீங்களே!" என்றாள்.

"அம்மாவோட துக்கத்துல கமிட்டி தலையிடாது" என்றார் சிவசாமி. பாடை நாலு மணிக்குத்தான் கிளம்பியது.

இருளப்பனுக்குத் திலகம் என்று ஒரே மகள். கொழுந்து பறிக்கிறவள், கை வேகமும் வாய் வேகமும் ஒன்றாக உள்ளவள். மேல் டிவிஷன் நவமணிக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. பையன் தங்கமானவன், தொழிற்சாலையில் வேலை. ஆனால் அவன் யார் மகன்? லோரி டிரைவர் சிங்காரத்தின் மகன். இரண்டாவது மாலை வாங்கிய அதே சிங்காரம்.

சிவசாமி முகம் சிவப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. "நம்ம லயத்துப் பொண்ணு மேல் டிவிஷனுக்கா? இருளப்பா, திலகம் ஒனக்குப் பொண்ணு. கொள்கைக்கு அது ஒரு சாய்வு. அன்னைக்கே கீழ் டிவிஷனுக்கும் ஒரு பொண்ணு குடுத்தாத்தான் தராசு நிக்கும். வேற பொண்ணு இருக்கா?"

இருந்தது பக்கிரிசாமியின் மகள் ஒருத்திதான். அவளுக்கு வயது பதினொன்று.

கமிட்டி சம்மதிக்காமல் கல்யாணம் நடக்காதா என்று கேட்கலாம். நடு லயத்தில் பரிசம் போட்டால் கமிட்டி ஆள் ஒருவர் பாயில் நடுவாக உட்கார்ந்து தட்டு வாங்க வேண்டும். அது ஆதியிலிருந்து வந்த வழக்கம். வெளியுறவுத் துறை வந்த பிறகு அந்த இடம் செயலாளருக்கு என்று ஆயிற்று. அவர் வாங்காத தட்டு தட்டே இல்லை.

இங்கேதான் பக்கிரிசாமி ஒரு காரியம் செய்தான். யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் மேலும் கீழும் நடந்தான். கீழ் டிவிஷன் தலைவரிடம் பேசி, கல்யாணத்துக்கு முதல் வெற்றிலைபாக்கு அவர்களுக்கே வைப்பதாக ஒப்புக்கொண்டு, 'இந்தச் சம்பந்தத்தை நாங்கள் சாய்வாகக் கருதவில்லை' என்று கையெழுத்தோடு கடிதம் வாங்கி வந்துவிட்டான். சிவசாமி அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையாட்ட வேண்டியதாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை பரிசம் என்று முடிவாயிற்று.

"சகலை, கவலைய வுடுங்க. நானே பாயில ஒக்காந்து ஜம்முன்னு தட்ட வாங்கிர்றேன். திலகம் எனக்கும் பொண்ணுதானே?" என்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான் பக்கிரிசாமி. ருக்குமணி கண் கலங்கிவிட்டாள். "எங்கூடப் பொறந்தவன்கூட இப்பிடி அலைஞ்சிருக்க மாட்டான்" என்றாள்.

இருளப்பனுக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது புகைச்சல். என் மகள் பரிசத்தில் நடுப்பாயில் அவனா? என் மகள் தட்டை அவன் வாங்க, நான் ஓரமாக உட்கார்ந்து வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பதா? நாளைக்குப் பேரன் பிறந்தால்கூட, 'இது பக்கிரிசாமி முடிச்சு வச்ச கல்யாணம்' என்று ஊர் சொல்லுமே! மூன்று நாள் பலகைச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நாலாம் நாள் சிவசாமியிடம் போனான்.

"தலைவரே, போன திருவிழாவுல சகலை மேல் டிவிஷன்ல மூணு வடை சாப்ட்டாரு. கீழ் டிவிஷன்ல ரெண்டுதான். எங்கண்ணால பாத்தேன்."

சிவசாமி எழுந்து நின்றார். கையில் இருந்த மருந்துப் புட்டியை மெல்ல வைத்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. சாட்சிகள் அழைக்கப்பட்டார்கள். பக்கிரிசாமி மறுக்கவில்லை. "கீழ் டிவிஷன்ல வடை ஊசிப்போயிருந்திச்சுங்க. ரெண்டு தின்னதே பெருசு" என்றான்.

"ஊசிப்போன வடையச் சாப்பிடத்தானே ஒரு நாட்டுக்கு வெளியுறவுத் துறை வேணும்? நல்ல வடைய எல்லாருந்தான் திம்பான்!" என்று சிவசாமி முழங்கினார். "வடை சின்னது. சாய்வு பெருசு. நா மேல் டிவிஷன்ல ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. ஏன்? கொள்கை. அவங்க குடுக்கலைங்கறது வேற விசயம்."

பக்கிரிசாமி அங்கேயே கோட்டைக் கழற்றினான். இருளப்பன் அங்கேயே போட்டுக்கொண்டான். தோள் இறங்கித் தொங்கியது, கை விரல்களை மூடியது. இருந்தாலும் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. விசிலையும் மூங்கிலையும் பக்கிரிசாமிக்குக் கொடுத்தார்கள்.

அதோடு விட்டானா? புதிய செயலாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று சிவசாமி கேட்டபோது, இருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பழைய செயலாளரு பேசுனது, முடிச்சது ஒண்ணும் இனிமே செல்லக் கூடாது" என்றான். சகலையின் பெயர் எதிலும் மிஞ்சக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான். சிவசாமி அப்போதே அதைத் தாளில் எழுதினார். அவர் அவ்வளவு வேகமாக எழுதி யாரும் பார்த்ததில்லை. இருளப்பன் கையெழுத்துப் போட்டு, தானே சாப் அடித்தான். மை பரவாமல் அழகாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்காரம் வீட்டார் தூறலில் ஏழு தட்டோடு இறங்கி வந்தார்கள். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் கோட்டோடு இருளப்பன். அவன் காதருகே சிவசாமி வந்து, அந்தத் தாளை நீட்டினார்.

"கீழ் டிவிஷன் குடுத்த சூராட்டுக் கடுதாசி பக்கிரிசாமி வாங்குனது. அது செல்லாதுன்னு நீதானே சாப் அடிச்ச? சூராட்டு இல்லன்னா சாய்வு. தட்ட வாங்க முடியாதுன்னு செயலாளர்தான் சொல்லணும். சொல்லு."

இருளப்பன் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். "தலைவரே, எம்மவ..." என்றான்.

"மகளுக்காகக் கொள்கைய விட்டா, அதையும் ஒருத்தன் பாத்துக்கிட்டுதானே இருப்பான்?" என்றார் சிவசாமி. "கோட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவோமா? பழைய ஆளே பக்கத்துலதான் நிக்கிறாரு."

இருளப்பன் திரும்பிப் பார்த்தான். பக்கிரிசாமி கழுத்தில் விசிலோடு, மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தான். இருளப்பன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான். பிறகு சிங்காரத்தைப் பார்க்காமல், தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தபடி, "நடு லயம் இந்தத் தட்ட வாங்குற நெலமையில இல்லீங்க" என்றான்.

தட்டேந்தி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது திலகம் வீட்டிலிருந்து பட்டுச் சேலையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, நா தெனம் காலையில கூடையத் தூக்கிக்கிட்டு மேல் டிவிஷனுக்குத்தான் போறேன். அஞ்சு வருசமாப் போறேன். அப்பல்லாம் சாயாத லயம், இன்னிக்கு நா போனா சாஞ்சிருமா?"

இருளப்பன் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொன்னவர் சிவசாமி. "பாப்பா, தடுப்பு எறங்கியிருக்கு. அனுமதி இல்லாம..."

மூங்கில் மேலே போயிற்று. பக்கிரிசாமி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தடுப்பத் தூக்குறதும் எறக்குறதும் பாதுகாப்புத் துறைங்க. வெளியுறவு இதுல தலையிடக் கூடாது" என்றான். பிறகு, "நீ போம்மா. பின்னாலயே வர்றேன்" என்றான்.

திலகம் போனாள். ருக்குமணி போனாள், போகும்போது புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வேலாயி போனாள். மூங்கிலைப் புல்லில் போட்டுவிட்டுப் பக்கிரிசாமியும் போனான். மேல் டிவிஷன் கோயில் வாசலில் பாய் விரித்து, அவன் பழைய சட்டையோடு நடுவில் உட்கார்ந்து தட்டு மாற்றினான் என்று பிறகு செய்தி வந்தது. கமிட்டியின் பாய் இல்லாமலே தட்டு தட்டாகத்தான் இருந்ததாம்.

"ஒரு சின்ன லயம் இன்னிக்குத் தல நிமிந்து நின்னுச்சு, இருளப்பா" என்றார் சிவசாமி. அவர் மட்டும்தான் பக்கத்தில் இருந்தார்.

ருக்குமணி அன்று முதல் திலகத்தோடு தங்கை வீட்டில் தங்கினாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பலகாரம் சுட்டார்கள், முறுக்குப் பிழிந்தார்கள், சிரித்தார்கள். இந்தப் பக்கம் இருளப்பன் தானே பொங்கி, தானே தின்றான். சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, 'ருக்கு' என்று கூப்பிட்டால் போதும். அந்தப் பக்கத்தில் சகலையின் குரல் கேட்கும், தூக்கிய கை இறங்கிவிடும்.

தை மாதம் கல்யாணம். அழைப்பிதழ் இருளப்பன் பெயருக்கு வரவில்லை. 'கமிட்டியார், நடு லயம்' என்று வந்தது. செயலாளர் முக்கால் மணி நேரம் கலந்துகொள்வார், அதே காலையில் கீழ் டிவிஷனில் நடக்கும் ஒரு காதுகுத்திலும் முக்கால் மணி நேரம் கலந்துகொள்வார் என்று தீர்மானம் நிறைவேறியது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பனாகப் போக வேண்டியதுதானே? இருளப்பன் அதையும் நினைக்காமல் இல்லை. முதல் நாள் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டிவிட்டுப் பார்த்தான். இதை நாளைக்கு எவன் போட்டுக்கொள்வான் என்று யோசித்தான். காலையில் எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டான்.

மேல் டிவிஷன் கோயில் மண்டபத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக ஒரு பெண் நின்றாள். தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்த மாப்பிள்ளை வீட்டு உறவு, இருளப்பனைத் தெரியாது. அவள் தோளுக்கு மேலாக மணவறை தெரிந்தது. பெண்ணைத் தாரை வார்க்க, பக்கிரிசாமி பெண்சாதியோடு நின்றிருந்தான். திலகத்தின் கையைத் தன் கையில் பிடித்திருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அழுகையையும் அவனே அழுகிறானே என்று இருளப்பனுக்கு நெஞ்சு வெந்தது.

"வாங்க, வாங்க. பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பின்னால் சிவசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருளப்பன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் மணவறையைப் பார்த்தான். பிறகு கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "நாங்க நடுநெல" என்றான்.

அவள் கோட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பிடின்னா கடைசி வரிசையில போய் ஒக்காருங்கண்ணே. முன்னாடியெல்லாம் சொந்தக்காரங்களுக்கு வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்கத் திரும்பினாள்.